தம்பியை எந்தக் கட்டத்தில் வரைவது?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் பிளஸ் டூ படிக்கிறேன், பயாலஜி குரூப். மரபியல் பாடம் ஆரம்பித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மெண்டலின் பட்டாணிக் கணக்கைக் கட்டம் போட்டுச் செய்வது புள்ளிக் கோலம் போடுவது மாதிரி இருந்தது. அடுத்த வாரம் மரபணுக் கோளாறுகள் பாடம் வந்தது. டீச்சர் விக்டோரியா ராணியின் குடும்ப வரைபடத்தைப் போர்டில் போட்டார். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம், நோய் இருந்தால் கறுப்பு. எனக்கு அப்புறம் எதுவும் காதில் விழவில்லை. எட்டாவது படிக்கும் என் தம்பிக்கு ஹீமோஃபிலியா ஏ, அடிபட்டால் ரத்தம் சரியாக உறையாத நோய். ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 1 சதவீதத்துக்கும் கீழே. வகுப்பில் யாருக்கும் தெரியாது. 'இப்படிப்பட்டவங்க கல்யாணமே பண்ணக் கூடாதுல்ல மிஸ்?' என்று ஒரு பையன் கேட்டான். டீச்சர் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று ஊரில் பேசுகிறார்கள். அப்பத்தாவோ, 'எங்க வம்சத்துல கிடையாது, உங்க அம்மாச்சி வீட்டு ரத்தம்' என்பார். அம்மாவுடன் பிறந்த மாமாக்கள் மூன்று பேருக்கும் எதுவும் இல்லை. ஆனால் மரபணு அம்மாவிடமிருந்துதான் வரும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே. புத்தகமும் அப்பத்தா பக்கம் நிற்பது போல இருந்தது, அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு பீரியட்ஸ் எட்டு ஒன்பது நாள் இருக்கும், அந்த வாரம் லீவு போட்டதால் மீதிப் பாடத்தைத் தோழியின் நோட்டிலிருந்துதான் எழுதினேன். அதில் பாதி கறுப்படித்த வட்டம் ஒன்று இருந்தது, கடத்தி என்று. அது நானா? அவரவர் குடும்ப வரைபடம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். தம்பியை எப்படி வரைவது?

— ஒரு மாணவி

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதத்தில் நீ கேள்வியாகக் கேட்காமல், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரி இருக்கிறது. பீரியட்ஸ் எட்டு ஒன்பது நாள், அதற்காகப் பள்ளிக்கு லீவு. இருபது வருடமாக ரத்த நோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். உன் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் வருகிறேன், ஆனால் முதலில் அந்த வரியில்தான் என் கண் நின்றது.

ஹீமோஃபிலியா உள்ள பையனின் அக்காவுக்கு ரத்தப்போக்கு அதிகம் என்றால், 'பொம்பளைப் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்' என்று விடக் கூடாது. கடத்தி என்றால் நோயைச் சுமந்து அடுத்தவருக்குக் கொடுப்பவர், அவருக்கு ஒன்றும் இருக்காது என்றுதான் பாடத்தில் படித்திருப்பாய். அது பாதி உண்மை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஆனால் ஒவ்வொரு செல்லிலும் அவற்றில் ஒன்று கரு நிலையிலேயே அணைந்துவிடுகிறது. எந்தச் செல்லில் எது அணையும் என்பது குருட்டாம்போக்கில் நடப்பது. மேரி லியோன் என்ற ஆய்வாளர் 1961-ல் இதைச் சொன்னார். உங்கள் தெருவில் ஆரஞ்சும் கறுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனை இருந்தால் பார், அநேகமாக அது பெண் பூனையாகத்தான் இருக்கும். அந்த நிறத்துக்கான மரபணு எக்ஸில் இருக்கிறது. ஒரு எக்ஸ் அணைந்த இடத்தில் ஆரஞ்சு, இன்னொன்று அணைந்த இடத்தில் கறுப்பு.

கடத்தியின் கல்லீரலிலும் இதே கதைதான். ஃபேக்டர் 8 என்ற உறைபொருள் பெரும்பாலும் அங்கேதான் சுரக்கிறது. நல்ல எக்ஸ் அதிகமான செல்களில் அணைந்துவிட்டால் ஃபேக்டர் குறையும். சாதாரணமாக 50 முதல் 150 சதவீதம் வரை இருக்க வேண்டியது, சில பெண்களுக்கு 30, 20 என்று இறங்கிவிடும். 40-க்குக் கீழே போனால் அவரைக் கடத்தி என்று சொல்லி நிறுத்துவதில்லை, லேசான ஹீமோஃபிலியா உள்ளவர் என்றே இப்போது எடுத்துக்கொள்கிறோம். பல் பிடுங்கும்போது, அறுவை சிகிச்சையில், பிரசவத்தில் அவருக்கும் ரத்தம் சுலபமாக நிற்காமல் போகலாம்.

என்னிடம் பல வருடங்களாக மகனை அழைத்து வந்துகொண்டிருந்த ஒரு தாய் நினைவுக்கு வருகிறார். மகனின் நோட்டில் ஒவ்வொரு ஊசியும் தேதியோடு இருக்கும். ஒருநாள் அவர் வெளிறிப்போய் நின்றதைப் பார்த்துத்தான் கேட்டேன். இரண்டு பிரசவத்திலும் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், மாதாமாதம் பத்து நாள் போக்கு. அவருடைய ஃபேக்டர் 22 சதவீதம். மகனுக்கு இத்தனை பரிசோதனை எழுதிய நான், பக்கத்திலேயே நின்ற தாயிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. தம்பிக்கு ஃபேக்டர் போடும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே உனக்கும் பார்க்கச் சொல். ஃபேக்டர் 8 அளவு, வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர் என்ற இன்னொரு உறைபொருள், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் இவை நான்கும் வேண்டும். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புக் கையிருப்பு. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே அது காலியாகி இருக்கலாம், படிக்க உட்கார்ந்தால் தூக்கம் தூக்கமாக வரும். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாக வருகிறதா, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா என்று இரண்டு மாதத்துக்கு ஒரு காலண்டரில் குறித்துவை. அந்தக் குறிப்பு முடியட்டும் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. வயிற்றுவலிக்கு மெஃபனமிக் அமிலம் கலந்த மாத்திரையை மருந்துக் கடையில் சுலபமாகக் கொடுத்துவிடுவார்கள். ஃபேக்டர் அளவு தெரியும்வரை அதையும், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் இவற்றையும் தொடாதே. பாராசிட்டமால் போதும். போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் முதல் பல வழிகள் இருக்கின்றன. பரிசோதனை வந்ததும் டாக்டர் பார்த்துத் தருவார். மாதத்தில் ஒரு வாரம் பள்ளிக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை.

சரி, இனி உன் கேள்விகள்.

ஊரில் பேசுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். சொந்தத்தில் கட்டினால் மரபணு நோய் வரும் என்பது பொத்தாம்பொதுவான பேச்சு. தலசீமியா மாதிரி சில நோய்களுக்கு, பழுதான மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் நோய். ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் திருமணம் செய்துகொண்டால் இருவரிடமும் அதே பழுது இருக்க வாய்ப்பு கூடும். அங்கே ஊர் சொல்வது சரி. உன் தம்பியின் கதை அப்படியல்ல. நீ வகுப்பில் போட்ட கட்டத்தையே எடு. ஆண் குழந்தைக்கு அப்பா கொடுப்பது ஒய், அம்மா கொடுப்பது எக்ஸ். ஃபேக்டர் 8 மரபணு எக்ஸில் மட்டும்தான் இருக்கிறது. உன் அம்மா உறவே இல்லாத யாரைத் திருமணம் செய்திருந்தாலும் அந்தக் கட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. தம்பிக்கு வந்ததில் உன் அப்பா அம்மாவின் உறவுக்குப் பங்கே இல்லை.

உறவு குறுக்கே வரும் இடம் ஒன்று உண்டு, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் 'அக்கா மகள் தம்பிக்குத்தான்' என்று சிறு வயதிலேயே பேசிவைப்பார்கள். ஹீமோஃபிலியா உள்ள ஆணுக்கு அது ஆகாது. நீ கடத்தியாக இருந்து, உன் மகளும் கடத்தியாக இருந்து, அவளை உன் தம்பிக்குக் கட்டிவைத்தால், பிறக்கும் பெண் குழந்தைக்கும் முழு ஹீமோஃபிலியா வர ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. விளையாட்டுக்குக்கூட வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம்.

அப்புறம் அப்பத்தா சொல்வது. இதில் கொஞ்ச நேரம் நிற்கலாம், ஏனென்றால் நீ கணக்குப் போடப் பிடித்த பெண்.

உன் அம்மாச்சி கடத்தியாக இருந்திருந்தால், அவருடைய ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூன்று மகன்களும் தப்ப வேண்டுமென்றால் பாதியில் பாதியில் பாதி, எட்டில் ஒன்று. நடக்காதது இல்லை, ஆனால் சுலபமாக நடப்பதும் இல்லை. அப்படியானால் வேறு எங்கிருந்து வந்தது? ஹீமோஃபிலியா வரும் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் அதற்கு முன் யாருக்கும் நோய் இருந்ததில்லை. மரபணு புதிதாகப் பழுதாகி ஆரம்பிக்கிறது. விக்டோரியா ராணியின் குடும்பத்திலும் அவருக்கு முன்னால் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஒரே வகைப் பழுதுதான் இருக்கிறது. மரபணுவின் ஒரு பெரிய துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தத் திருப்பம் பெரும்பாலும் ஆணின் உடம்பில், விந்தணு உருவாகும்போது நடக்கிறது. பெண்ணில் இரண்டு எக்ஸும் ஜோடியாக நிற்கும். ஆணில் எக்ஸ் ஒற்றையாக நிற்பதால் தன் மேலேயே மடங்கிக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. உன் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால், அந்தத் திருப்பம் உன் அம்மாவின் அப்பாவிடம் நடந்து, உன் அம்மாவுக்கு வந்திருக்கும். உன் அம்மாவின் அப்பா யார்? அப்பத்தாவுடன் பிறந்தவர். அதாவது அப்பத்தாவின் வம்சம்.

இதை எடுத்துக்கொண்டு போய் அப்பத்தாவிடம் சண்டை போடச் சொல்லவில்லை. உன் தாத்தா செய்த தவறும் அல்ல இது. ஒவ்வொரு மனித உடம்பிலும் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான செல்கள் பிரிகின்றன, மரபணுவின் எழுத்துகள் மாறுகின்றன. நம் ஒவ்வொருவரிடமும் அப்பா அம்மாவிடம் இல்லாத புதிய மாற்றங்கள் சில டஜன் இருக்கின்றன, உன்னிடமும் என்னிடமும். பெரும்பாலானவை எதையும் தொடாத இடத்தில் விழுகின்றன. உன் வீட்டில் ஒன்று தொடக் கூடாத இடத்தில் விழுந்தது. யாரும் எதையும் தின்றதாலோ, கோவிலுக்கு நேர்ந்ததைச் செய்யாததாலோ, யாரையோ கட்டியதாலோ வந்ததல்ல. புத்தகம் 'அம்மாவிடமிருந்து வரும்' என்று சொல்வது வழியை மட்டும்தான். உன் அம்மாவுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ கட்டம் போட்டுக் காட்டு. நான் நிறைய அம்மாக்களுக்கு அந்தக் கட்டத்தை வரைந்து காட்டியிருக்கிறேன். சிலர் அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு போவார்கள்.

பாதி கறுப்பு வட்டம் நீயா? அம்மா கடத்தியாக இருந்தால் உனக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தம்பிக்கு வந்துவிட்டதால் உனக்கு மிச்சமில்லை என்பதோ, தம்பிக்கு வந்ததால் உனக்கும் வந்தே தீரும் என்பதோ கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மரபணுப் பரிசோதனை உண்டு. முதலில் தம்பியின் ரத்தத்தில் பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பார்கள், பிறகு அதே இடத்தை அம்மாவிடமும் உன்னிடமும் பார்ப்பார்கள். ஃபேக்டர் அளவு சரியாக இருந்தாலும் கடத்தியாக இருக்கலாம் என்பதால் இது தனிப் பரிசோதனை. இதற்கு அவசரம் எதுவும் இல்லை. இது உன் உடம்பைப் பற்றிய செய்தி, எப்போது தெரிந்துகொள்வது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதற்காக யாரும் உன்னை இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதிக்கக் கூடாது. ஃபேக்டர் அளவு மட்டும் தள்ளிப்போட முடியாதது.

மணி அடித்ததால் பதில் கிடைக்காமல் போன அந்தப் பையனின் கேள்வி. அவன் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டான், பாடத்தைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். போர்டில் டீச்சர் போட்ட அதே வரைபடத்தில் விக்டோரியாவின் மகன் லியோபோல்ட் இருக்கிறார், கறுப்புச் சதுரம். 1853-ல் பிறந்தார், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், திருமணம் செய்துகொண்டார். 1884-ல் கீழே விழுந்து அடிபட்டு 30 வயதில் இறந்துபோனார், அப்போது மருந்தென்று எதுவும் இல்லை. அவருடைய மகனுக்கு நோய் இல்லை, இருக்கவும் முடியாது, அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவது ஒய் அல்லவா. மகள் ஆலிஸ் கடத்தி. 97 வயது வரை வாழ்ந்தார். உன் தம்பியின் வருங்காலப் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான், மகன்கள் எல்லாரும் தப்புவார்கள், மகள்கள் எல்லாரும் கடத்திகள். இது தெரிந்து ஒரு பெண் அவனைத் திருமணம் செய்துகொள்ளலாம், செய்கிறார்கள். என்னிடம் சிகிச்சைக்கு வந்த பையன்களின் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன்.

'இப்படிப்பட்டவர்கள்' கல்யாணம் செய்யாவிட்டால் நோயே ஒழிந்துவிடும் என்று அவன் நினைத்திருந்தால், அறிவியலும் அவன் பக்கம் இல்லை. மூன்றில் ஒன்று புதிதாக முளைக்கிறதே, அதை யாரைக் கல்யாணம் செய்யாமல் நிறுத்துவது? எதிர்காலத்தில் நீ கடத்தி என்று தெரிந்தால் உனக்கும் வழிகள் இருக்கும். கருவிலேயே இந்த நோய்க்குப் பரிசோதிக்க, பதிவு பெற்ற மையங்களில் சட்டம் அனுமதிக்கிறது. பரிசோதிக்காமல், ஆனால் முன்கூட்டியே தெரிவித்து, ஆயுதம் போடாமல் பத்திரமாகப் பிரசவம் பார்ப்பதும் ஒரு வழிதான். பதினேழு வயதில் அதை யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

இன்னொன்று, 2009-ல், விக்டோரியாவின் பேத்தி வழியாக இந்த நோய் போய்ச் சேர்ந்த ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்ததில், அந்த அரச நோய் ஹீமோஃபிலியா பி என்று தெரிந்தது. ஃபேக்டர் 9 குறைபாடு. உன் தம்பிக்கு இருப்பது ஏ. ராணி வீட்டுக் கதை அவனுடைய கதை இல்லை. அவனுக்குக் குறைகிற ஃபேக்டர் வேறு, அவன் பிறந்த காலம் வேறு. ரத்தம் கசிந்த பிறகு ஓடுவதைவிட, கசியாமல் இருக்கத் தவறாமல் போடும் முறை இப்போது இருக்கிறது. நரம்பில் போடாமல் தோலுக்கடியில் வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ போடும் எமிசிசுமாப் என்ற மருந்தும் வந்திருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்லிலேயே நல்ல மரபணுவை ஏற்றித் திரும்பச் செலுத்தினார்கள். முடிவு 2024 கடைசியில் வெளிவந்தது. அதற்குப் பிறகு ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு நின்றிருக்கிறது. இன்னும் ஆய்வு நிலைதான், நாளைக்கே தம்பிக்குக் கிடைக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனால் இது நடந்தது லண்டனில் இல்லை, உன் ஊரிலிருந்து ஒரு ராத்திரி பஸ்ஸில் போய்விடக் கூடிய ஊரில்.

தம்பிக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்களா என்று நீ எழுதவில்லை. 2016-ம் ஆண்டுச் சட்டத்தில் ஹீமோஃபிலியாவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. முழங்கை வீங்கிய நாளில் பரீட்சை வந்தால் கூடுதல் நேரம் கேட்க அது உதவும், பத்தாம் வகுப்புக்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.

'கோளாறு' என்ற வார்த்தை உன்னைக் குத்தியிருக்கிறது. எனக்கும் அந்தப் பாடத் தலைப்பு பிடிக்காது. நீ ரசித்துக் கட்டம் போட்டாயே, மெண்டலின் சுருங்கிய பட்டாணி, அது ஏன் சுருங்குகிறது என்று 1990-ல் கண்டுபிடித்தார்கள். மாவுச்சத்து செய்யும் ஒரு மரபணுவுக்குள் வேறொரு டி.என்.ஏ. துண்டு புகுந்து அதைக் கெடுத்துவிட்டது. மாவாக மாற முடியாத சர்க்கரை அப்படியே தங்குவதால் அந்தப் பட்டாணி இனிக்கும். கெட்டுப்போன மரபணுதான், ஆனால் முதல் பாடத்தில் அதன் பெயர் 'பண்பு', அடுத்த பாடத்தில் மனிதனுக்கு வந்தால் 'கோளாறு'. ஹீமோஃபிலியா இனிப்பான விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை; ராத்திரி இரண்டு மணிக்கு வீங்கிய முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளையை நீ பார்த்திருப்பாய், நானும் பார்த்திருக்கிறேன். பழுது இருப்பது ஒரு மரபணுவில், ஒரு புரதத்தில். எட்டாவது படிக்கிற அந்தப் பையனில் இல்லை.

வீட்டுப் பாடத்துக்கு வருவோம். தம்பியின் நோயை வகுப்பில் சொல்ல வேண்டிய கடமை உனக்கு இல்லை, அது அவனுடைய விஷயம். அவனிடம் கேள். எட்டாம் வகுப்புப் பையனுக்கு அதைப் பற்றிச் சொல்லத் தெரியும். அவன் வேண்டாம் என்றால் வீட்டில் எல்லாருடைய ரத்த வகையை வைத்து வரைபடம் போடு. நாக்குச் சுருட்டுவதை மட்டும் எடுக்காதே, அது ஒற்றை மரபணுவின் வேலை என்பது தவறு. ஒரே மாதிரி இரட்டையர்களிலேயே ஒருவர் சுருட்டுவார், இன்னொருவரால் முடியாது. இந்த மாதிரி வீட்டுப் பாடம் கொடுக்கும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள், கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கொடுங்கள். தத்தெடுத்த பிள்ளையும் உங்கள் வகுப்பில் இருக்கலாம், இந்தப் பெண் மாதிரி ஒரு அக்காவும் இருக்கலாம்.

ஆனால் டாக்டருக்கென்று இன்னொரு வரைபடம் நீ வரைய வேண்டும். அதில் தம்பிக்குக் கறுப்புச் சதுரம்தான், தயங்காதே. மூன்று தலைமுறை போடு. அம்மாச்சிக்கு மாமாக்களைத் தவிரப் பிறந்து இறந்த குழந்தை உண்டா, அம்மாச்சியுடன் பிறந்த பெண்களின் மகன்கள் எப்படி இருக்கிறார்கள், யாருக்காவது பல் பிடுங்கி ரத்தம் நிற்காமல் போனதா, எந்தப் பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்கள், எல்லாம் கேட்டு எழுது. இதற்கெல்லாம் பதில் தெரிந்தவர் உங்கள் வீட்டில் அப்பத்தாவாகத்தான் இருப்பார், அவரிடமே போய் உட்கார். எழுதி முடித்ததும் அந்தத் தாளையும் தம்பியின் ஃபேக்டர் நோட்டையும் எடுத்துக்கொண்டு போ. போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், உனக்கு ரத்தம் எடுக்கும்போதே அவருக்கும் எடுக்கச் சொல். அவருடைய ஃபேக்டர் எவ்வளவு என்று இத்தனை வருடத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.